கடைசிக் கத்தரி யார் கையில்?

டிவியில் நல்ல படம் போடுறாங்கன்னு ஆசையா உட்கார்ந்திருப்பீங்க. முக்கியமான வசனம் வரும்போது ஒரு 'பீப்'. அப்புறம் ஒரு முழுக் காட்சியே காணோம். எரிச்சல் வருமா வராதா? பார்க்கிற நமக்கே இப்படின்னா, அந்தப் படத்தை எடுத்தவருக்கு எப்படி இருக்கும்? வாழ்நாள் பூராவும் அந்த வேதனையோடு இருந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் ஆர்சன் வெல்ஸ்.

1915 மே 6 அன்று, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கெனோஷா என்ற ஊரில் பிறந்தார். 9 வயதில் அம்மா இறந்துவிட்டார், 15 வயதில் அப்பாவும். நாடகம்தான் அவரைத் தூக்கிவிட்டது. 1938 அக்டோபர் 30 அன்று, செவ்வாய்க் கிரகத்து ஆட்கள் பூமி மேல் படையெடுக்கும் கதையை, நிஜச் செய்தி மாதிரியே வானொலியில் நாடகமாகப் போட்டார். சிலர் உண்மை என்று நம்பிப் பயந்தே போனார்கள். பத்திரிகைகள் அதை ஊதிப் பெரிசாக்க, 23 வயதில் நாடறிந்த ஆளாகிவிட்டார்!

அடுத்த வருஷமே ஆர்கேஓ ஸ்டுடியோ கூப்பிட்டது. ஒப்பந்தத்தில் ஒரு அபூர்வமான ஷரத்து: படத்தின் கடைசி எடிட்டிங் வெல்ஸ் கையில்தான். அந்த உரிமையோடு அவர் எடுத்த முதல் படம்தான் 1941-ல் வந்த 'சிட்டிசன் கேன்'. பத்திரிகை முதலாளி ஹெர்ஸ்ட், இது தன்னைத்தான் குறிக்கிறது என்று கோபப்பட்டு, தன் பத்திரிகைகளில் படத்தின் விளம்பரத்தைக்கூட விடவில்லை. வசூல் படுத்தது. ஆனாலும் வெல்ஸைக் கேட்காமல் அந்தப் படத்தில் யாரும் கை வைக்க முடியவில்லை.

அடி விழுந்தது இரண்டாவது படத்தில். 'தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்' படத்துக்கான புது ஒப்பந்தத்தில் அந்த உரிமையை விட்டுக்கொடுத்திருந்தார். 1942-ல் வேறொரு படத்துக்காக அவர் பிரேசிலில் இருந்தபோது, இங்கே முன்னோட்டக் காட்சி பார்த்த கூட்டத்தில் பலருக்குப் படம் பிடிக்கவில்லை. ஸ்டுடியோ பயந்துபோய் 40 நிமிஷத்துக்கு மேல் வெட்டியது. முடிவையும் மாற்றி, வேறு ஆட்களை வைத்து எடுத்து ஒட்டி, 88 நிமிஷப் படமாக வெளியிட்டது. பிரேசிலிலிருந்து அவர் தந்தி மேல் தந்தி அடித்தும் பிரயோஜனமில்லை. வெட்டிய பகுதியின் நெகட்டிவையும் அழித்துவிட்டார்கள்.

1958-ல் வந்த 'டச் ஆஃப் ஈவில்' படத்திலும் இதே கதை. யூனிவர்சல் ஸ்டுடியோ மாற்றி வெட்டியதைப் பார்த்துவிட்டு, எங்கே எதைச் சரிசெய்ய வேண்டும் என்று 58 பக்கத்துக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தார். பெரும்பகுதியைக் கண்டுகொள்ளவில்லை. 1998-ல் வால்டர் மர்ச் என்ற எடிட்டர் அதே குறிப்பை வைத்துப் படத்தை மறுபடி எடிட் செய்தார். பார்க்கத்தான் வெல்ஸ் இல்லை. 1985 அக்டோபர் 10 அன்றே, 70 வயதில் இறந்துவிட்டார்.

இப்போ டிவி விஷயத்துக்கு வருவோம். 80-களில் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கம்ப்யூட்டரில் கலர் பூசும் தொழில்நுட்பம் வந்தது. பழைய படங்களின் உரிமையை மொத்தமாக வாங்கி வைத்திருந்த டெட் டர்னரின் கம்பெனி, கலர் பூசி டிவியில் போட ஆரம்பித்தது. 'காசாபிளாங்கா'கூடத் தப்பவில்லை. இயக்குநர்கள் எவ்வளவோ கத்திப் பார்த்தார்கள். 1989 தொடக்கத்தில் 'சிட்டிசன் கேன்' பக்கம் கை நீண்டது. அப்போதுதான் கம்பெனி வக்கீல்கள் அந்த 1939 ஒப்பந்தத்தைப் புரட்டினார்கள். கலர் பூசினால் கோர்ட்டில் மாட்டிக்கொள்ளலாம் என்று தெரிந்ததும் திட்டத்தைக் கைவிட்டார்கள். எடுத்தவர் செத்து 3 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. 50 வருஷத்துக்கு முந்தைய ஒரு காகிதம் அவர் படத்தைக் காப்பாற்றியது!

கலர் பூசும் மென்பொருளை எழுதியவர்கள் நம்மை மாதிரி ஆட்கள்தான். ஒரு விஷயத்தைச் செய்ய முடியுமா என்பதைத்தான் நமக்கு வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள். யாரைக் கேட்டுச் செய்ய வேண்டும் என்பதை நாமேதான் கேட்டுக்கொள்ள வேண்டும். நாளைக்கு நீங்கள் எழுதப்போகும் கோடோ, எடுக்கப்போகும் குறும்படமோ, கையெழுத்துப் போடும் முன் கடைசிப் பக்கம் வரை படிச்சிடுங்க. கத்தரி யார் கையில் என்று அதில்தான் எழுதியிருக்கும்.