இராமானுஜன் தவறவிட்ட எண்

கும்பகோணம் கல்லூரியில் கணிதம் ஒழிந்த பாடங்களைக் கவனியாது பரீட்சையில் தவறி, உபகாரச் சம்பளத்தை இழந்தவர் சீனிவாச இராமானுஜன் (பரீட்சையில் தவறியோர் நம்மிடையேயும் உளர்). 1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராயினார். 1914இல் கேம்பிரிட்ஜ் சென்றார். மறு ஆண்டே மிகுபகு எண்களைப் பற்றி நீண்டதொரு கட்டுரை வெளியிட்டார்.

நானுஓயாப் புகையிரத நிலையத்திலே 12 தேயிலைப் பெட்டிகளை 1, 2, 3, 4, 6, 12 என ஆறு விதமாக ஒத்த வரிசைகளில் அடுக்கலாம். பன்னிரண்டிற்குக் குறைந்த எவ்வெண்ணுக்கும் ஆறு காரணிகள் இல்லை. இவ்வாறு, தம்மிற் சிறிய எண்கள் அனைத்தையும் காரணித் தொகையில் வெல்லும் எண்களே மிகுபகு எண்கள். கணிப்பொறி இல்லாத அக்காலத்தில் அவர் 6,746,328,388,800 வரை 102 எண்களை நிரற்படுத்தினார். இக்கடையெண்ணுக்குக் காரணிகள் 10,080!

எனினும் இடையே ஓர் எண் விடுபட்டது: 293,318,625,600. அதனை 23ஆற் பெருக்கினால் வருவது அவருடைய கடையெண்ணே என்பதை மாணவர் தாமே பெருக்கிக் காண்க. இதனைக் குறையென்று கூற நாம் ஒருப்படோம். ஒன்றுதானா விடுபட்டது என்றே வியக்கின்றோம்.

தாயகத்தில் எய்தாத பட்டத்தை அக்கட்டுரைக்காகவே 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்கு அளித்தது. 1920 ஏப்ரல் 26இல், முப்பத்திரண்டாம் வயதில், சென்னைச் சேத்துப்பட்டில் அவர் காலமானார்.