குற்றாலம் டு கடையம்: பாரதி நடந்த மண்ணில் ஒரு கிராவல் ரைடு!

இன்ஸ்டாவுல 'கிராவல் பைக்கிங்'னு தேடிப் பாருங்க. ஸ்பெயினோட ஜிரோனா, இத்தாலியோட டஸ்கனின்னு ரீல்ஸா வந்து விழும். ஒரு பக்கம் மத்தியத் தரைக்கடல், கொஞ்சம் உள்ளே போனா குன்றுகள், நடுவுல வெள்ளை மண் பாதை. பார்க்கப் பார்க்க ஆசையாத்தான் இருக்கும். விசா, ஃப்ளைட் டிக்கெட்னு கணக்குப் போட்டதும் ஆசை அடங்கிடும். அப்படி அடங்கினவங்க எல்லாம் ஒரு வீக் எண்டு தென்காசிக்கு பஸ் ஏறுங்க மக்களே. குளத்துக்கரை, வாய்க்கால் கரை, தோப்புகளுக்கு நடுவுல போற வண்டிப்பாதைன்னு இங்கே இருக்கிற மண் ரோட்டுக்கு அளவே இல்லை.

கிராவல் பைக்னா பெருசா ஒண்ணும் இல்லை. ரேஸ் சைக்கிள் மாதிரி வளைஞ்ச ஹேண்டில்பார், டிஸ்க் பிரேக், ஏத்தத்துல மிதிக்க லேசான கியர். டயர் மட்டும் 40 மில்லிமீட்டர் அளவுக்கு அகலம். காத்தைக் கொஞ்சம் கம்மியா வெச்சு ஓட்டினா ஜல்லியிலயும் செம்மண்லயும் பிடிச்சுக்கிட்டுப் போகும். அது இல்லையா? கியர் வெச்ச எம்.டி.பி இருந்தாலும் போதும். இந்த ரூட்டுக்கு அதுவே தாராளம்.

குற்றாலத்துல கிளம்பி பழைய குற்றாலம், ஆயிரப்பேரி, மத்தளம்பாறை தாண்டி கடையம். சுமார் 20 கி.மீ. தெற்கே போகப் போக வலது கைப்பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை கடைசிவரை கூடவே வரும். சீசன் டைம்ல, அதாவது ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும், சாரலும் ஆரியங்காவு கணவாய் வழியா வர்ற காத்தும் சைக்கிளைப் பக்கவாட்டுல தள்ளிக்கிட்டே இருக்கும். தார் ரோட்டுல நேரா போனா சட்டுனு முடிஞ்சிடுற தூரம்தான். மண் பாதையில இறங்கி இறங்கி ஏறினா பாதி நாள் ஆகும். ஆகட்டும், இந்த ரூட்டுக்கு அவசரம் ஆகாது. ஏன்னா கடையத்துல பாரதி இருந்தார்.

பாரதின்னதும் எட்டயபுரம், புதுச்சேரி, திருவல்லிக்கேணி யானை... இந்த மூணும்தான் சட்டுனு ஞாபகம் வரும். புதுச்சேரிக்கும் யானைக்கும் நடுவுல, 1918 டிசம்பர்ல இருந்து 1920 நவம்பர் வரைக்கும் கிட்டத்தட்ட 2 வருஷம் அவர் எங்கே இருந்தார்? பலரும் ஒரே வரியில தாண்டிப் போற இடம் இது. என்னைக் கேட்டா, அந்த மனுஷன் ரொம்பத் தனியா நின்ன காலம் இதுதான்.

ரைடு குற்றாலத்துல ஆரம்பிச்சாலும், கதை கரிசல் காட்டுல ஆரம்பிக்குது. 1882 டிசம்பர் 11, எட்டயபுரம். அப்பா சின்னசாமி ஐயர், அம்மா லட்சுமி. பையன் பேர் சுப்பிரமணியன், வீட்டுல சுப்பையா. சின்ன வயசுலயே பாட்டு கட்டி, 'பாரதி' பட்டத்தை வாங்கிட்டார். 1897-ல கல்யாணம். மாப்பிள்ளைக்கு 14 வயசு, பொண்ணு செல்லம்மாவுக்கு 7. (பின்னாடி இதே மனுஷன்தான் குழந்தைக் கல்யாணத்தை எதிர்த்து எழுதினார்.) அந்தச் செல்லம்மாவோட ஊர்தான் கடையம். அடுத்த வருஷமே அப்பா இறந்துபோக, காசி வாழ்க்கை, திரும்பி வந்து எட்டயபுரம் அரண்மனை வேலை, 1904-ல மதுரையில சில மாச வாத்தியார் வேலை, அப்புறம் சென்னையில 'சுதேசமித்திரன்'. 1906-ல 'இந்தியா' வாரப் பத்திரிகை. 1908-ல அந்தப் பத்திரிகை மேல அரசாங்கம் கை வெச்சதும் பிரெஞ்சுக்காரங்க ஆண்ட புதுச்சேரிக்குப் போயிட்டார். கடலோரத்துல 10 வருஷம்.

குற்றாலத்துக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கிற செங்கோட்டையை இங்கே சொல்லாம போக முடியாது. வாஞ்சிநாதன் ஊர். 1911 ஜூன் 17, மணியாச்சி ஜங்ஷன்ல கலெக்டர் ஆஷை வாஞ்சி சுட்டார். அந்தக் குண்டோட சத்தம் புதுச்சேரி வரைக்கும் கேட்டுச்சு. அங்கே தங்கியிருந்த தமிழ்நாட்டுக்காரங்க ஒவ்வொருத்தர் வாசல்லயும் பிரிட்டிஷ் ஒற்றர்கள் நடமாட்டம் கூடிப்போச்சு. தபால், பணம், வந்து போற ஆள்னு எல்லாத்து மேலயும் கண்ணு. 'இந்தியா' பத்திரிகை ஏற்கெனவே நின்னுபோயிருந்தது. இந்த நெருக்கடிக்குள்ள இருந்துதான் அவரோட பெரிய படைப்புகள் பல வந்துச்சுங்கிறது தனிக்கதை.

1918 நவம்பர் 20. முதல் உலகப் போர் முடிஞ்ச கையோட பாரதி புதுச்சேரி எல்லையைத் தாண்டினார். கடலூர் பக்கத்துலயே கைது. அவரோட 36-வது பிறந்த நாள் ஜெயில்லதான் போச்சு. நண்பர்கள், தலைவர்கள் முயற்சியால டிசம்பர் 14 விடுதலை, ஆனா நிபந்தனையோட. திருநெல்வேலி மாவட்டத்துல போய் இருக்கணும். எழுதுறதை அச்சுக்கு அனுப்பும் முன்னாடி போலீஸ் அதிகாரிகிட்ட காட்டணும். ஒரு எழுத்தாளனுக்கு இதைவிட என்ன விலங்கு வேணும்? அப்படித்தான் மனைவி, ரெண்டு பொண்ணுங்க தங்கம்மா, சகுந்தலாவோட மாமனார் ஊருக்கு வந்து சேர்ந்தார்.

இப்போ சைக்கிளுக்கு வருவோம். மத்தளம்பாறை தாண்டினதும் மலை இன்னும் கிட்ட வந்துடும். தோரணமலை முருகன் கோயில் இருக்கிற குன்று வலது பக்கம் தனியா எழுந்து நிக்கும். யானையும் கரடியும் இறங்குற பகுதி இது. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தை ஒட்டின காடு. அதனால மலையடிவாரத்துக் காட்டுப் பாதைக்குள்ள சைக்கிளைத் திருப்பாதீங்க. வயல் பக்கம், குளத்துக்கரை பக்கம் இருக்கிற பாதையே போதும். பொழுது சாயுறதுக்குள்ள ஊருக்குள்ள வந்துடுங்க. எந்தப் பாதை எங்கே போய் முட்டும்னு சந்தேகம் வந்தா மேப்பை நம்புறதைவிட டீக்கடை அண்ணாச்சிகிட்ட கேட்டுக்கிறது உத்தமம்.

கடையத்துக்கு மேற்கே, ஊரை விட்டுக் கொஞ்சம் தள்ளி, மலையைப் பார்த்த மாதிரி வில்வவனநாதர் - நித்திய கல்யாணி கோயில். பாரதி அடிக்கடி நடந்து போன இடம். சுத்தி வயல், பாறை, காத்து, எதிர்ல மலை. சைக்கிள்ல ஊருக்குள்ள இருந்து இங்கே வர சில நிமிஷம்தான். ஆனா அக்ரஹாரத்துல அடைஞ்சு கிடந்த ஒருத்தருக்கு இந்தச் சில நிமிஷ தூரம் எவ்வளவு பெரிய விடுதலையா இருந்திருக்கும்னு அந்தக் காத்துல நின்னு பார்த்தா ஓரளவு புரியும்.

அக்ரஹாரம் அவரைத் தாங்கிக்கலை. புதுச்சேரியில தலித் இளைஞர் கனகலிங்கத்துக்குப் பூணூல் போட்டுவிட்ட மனுஷன் ஆச்சே. கடையத்துல கழுதைக்குட்டியைக் கட்டிப்பிடிச்சுக் கொஞ்சினார்னு சொல்ற கதை இன்னிக்கும் உயிரோட இருக்கு. ஊர்க்காரங்களுக்கு அது பைத்தியக்காரத்தனம். மாமனார் வீட்டுக்காரங்களுக்கு, ஊர் தங்களையும் சேர்த்து ஒதுக்கிடுமோன்னு பயம். நடுவுல மாட்டிக்கிட்டது செல்லம்மா. பிறந்த ஊர்லயே, சொந்தக்காரங்க முகத்தைப் பார்த்துக்கிட்டே, வருமானம் இல்லாத புருஷனோட குடும்பம் நடத்துறது சாதாரண விஷயமா? பாரதியோட கடையம் வாழ்க்கையைப் பேசுறப்ப செல்லம்மா பட்டபாட்டை நாம கொஞ்சம் கம்மியாத்தான் பேசுறோம்.

கடையத்துல இருந்து சில கிலோமீட்டர் மிதிச்சா பொட்டல்புதூர். முகைதீன் ஆண்டவர் தர்கா இருக்கிற ஊர். முதல் தடவை பார்க்கிறவங்க இது கோயிலான்னு ஒரு நிமிஷம் நின்னுடுவாங்க, கட்டட அமைப்பு அப்படி. 1920 ஜூன் மாசம் பாரதி இங்கே வந்து இஸ்லாத்தோட பெருமையைப் பத்திப் பேசினார். அந்தப் பேச்சு 'சுதேசமித்திரன்'ல அச்சாச்சு. அக்ரஹாரம் முகம் திருப்பிக்கிட்ட ஆளை, பக்கத்து முஸ்லிம் ஊர் மேடை போட்டு உட்கார்ந்து கேட்டுச்சு. நாம ரைடு போற இந்தச் சின்ன வட்டத்துக்குள்ளதான் இது ரெண்டும் நடந்திருக்கு.

நிபந்தனை இருந்தாலும் அவர் ஒரே இடத்துல உட்கார்ந்துடலை. 1919-ல சென்னை போய் ராஜாஜி வீட்டுல தங்கியிருந்த காந்தியைப் பார்த்தார். திருவனந்தபுரம் மிருகக்காட்சி சாலையில சிங்கத்தைத் தொட்டுக் கொஞ்சி, கூடப் போன செல்லம்மாவைப் பதற வெச்சார். நவம்பர்ல காரைக்குடி. கையில கம்போட இருக்கிற பாரதி போட்டோ இருக்கே, அது அந்தப் பயணத்துல எடுத்ததுதான். அவரோட போட்டோன்னு நமக்குக் கிடைச்சிருக்கிறதே 5 தான். அதுல ரெண்டு காரைக்குடி!

ஆனா பணம்? அது மட்டும் எந்தப் பயணத்துலயும் கிடைக்கலை. 1919 மே 2, எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் சீட்டுக்கவி எழுதி அனுப்பினார். எந்த அரண்மனை வேலையை உதறிட்டு வந்தாரோ, அதே அரண்மனைக்கு. பலன் இல்லை.

அடுத்த வருஷம் போட்ட திட்டம்தான் நெஞ்சை அடைக்க வைக்குது. தன்னோட கையெழுத்துப் பிரதிகளை எல்லாம் சேர்த்து 40 புத்தகமா போடணும். ஒவ்வொண்ணும் 10,000 பிரதி. மொத்தம் 4 லட்சம்! தீப்பெட்டியையும் மண்ணெண்ணெயையும் விட வேகமா வித்துப்போகும்னு நம்பினார். அச்சுச் செலவுக்குக் கடன் கொடுங்க, வட்டியோட திருப்பித் தர்றேன்னு 1920 ஜூன்ல தெரிஞ்சவங்க எல்லாருக்கும் சுற்றறிக்கை அனுப்பினார். இன்னிக்கு மொழியில சொன்னா க்ரவுட் ஃபண்டிங். தமிழ்ல அதுக்கு முன்னாடி இப்படி ஒரு கனவை யாரும் கண்ட மாதிரி தெரியலை. போஸ்ட்மேனை எதிர்பார்த்து எத்தனை நாள் திண்ணையில உட்கார்ந்தாரோ? வர வேண்டிய பணம் வரலை. 40 புத்தகமும் தாளாவே கிடந்துச்சு.

கெட்டிக்காரத்தனமா விளம்பரம் பண்ணத் தெரிஞ்ச ஆள்தான். கணக்கும் முழுக்கத் தப்புன்னு சொல்ல முடியாது. பின்னாடி அவர் புத்தகங்கள் வித்த வேகத்தைப் பார்த்தவங்களுக்கு அது தெரியும். காலம்தான் கொஞ்சம் முந்திப்போச்சு.

1920 நவம்பர்ல 'சுதேசமித்திரன்' மறுபடி வேலைக்குக் கூப்பிட, கடையத்தை விட்டுக் கிளம்பினார். சென்னை, திருவல்லிக்கேணி. 1921-ல பார்த்தசாரதி கோயில் யானைக்குப் பழம் கொடுக்கப் போய்க் கீழே விழுந்தது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். அதுல இருந்து தேறி, வேலைக்குப் போய், ஈரோடு கருங்கல்பாளையத்துக்குப் போய்ப் பேசிட்டும் வந்தார். அப்புறம் வயித்துக் கடுப்பு. செப்டம்பர் 11 நள்ளிரவு தாண்டின நேரத்துல உயிர் போச்சு. 38 வயசு. இறுதி ஊர்வலத்துல ரொம்பக் கொஞ்சம் பேர்தான்.

இதுக்கப்புறம்தான் கடையம் திரும்பவும் கதைக்குள்ள வருது. புருஷன் போன அடுத்த வருஷம், 1922-ல, செல்லம்மா 'பாரதி ஆசிரமம்'னு ஒண்ணைத் தொடங்கி அவரோட தேசப் பாடல்களைப் புத்தகமா போட்டாங்க. சுற்றறிக்கை வாங்கின பெரிய மனுஷங்க செய்யாததை, 7 வயசுல கல்யாணம் ஆன கடையத்துப் பொண்ணு செஞ்சாங்க. 1928-ல பிரிட்டிஷ் அரசாங்கம் அந்தப் பாடல்களைப் பறிமுதல் பண்ணினது. 1949-ல அவர் எழுத்துகளோட உரிமையைச் சென்னை மாகாண அரசே வாங்கி, பிறகு எல்லாருக்கும் பொதுவாக்கினது. அதையும் பார்த்துட்டு, 1955-ல செல்லம்மா கண் மூடினாங்க.

கடையத்துல இப்போ பாரதியும் செல்லம்மாவும் சேர்ந்து இருக்கிற மாதிரி ஒரு சிலை இருக்கு. கோயில், பொட்டல்புதூர் எல்லாம் சுத்திட்டு வந்து சைக்கிளை ஓரமா சாய்ச்சு வெச்சுட்டு ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. அப்படியே பாட்டில்ல தண்ணியை ரொப்பிடுங்க. குற்றாலம் திரும்புறப்ப காத்து முகத்துலதான் அடிக்கும்.