பாஸ்பரஸை அளந்த சுப்பாராவ்

பள்ளியில் வாரம் ஒரு நாள் தரும் நீல நிறச் சத்து மாத்திரையை முகம் சுளிக்காமல் விழுங்குபவர் நம்மில் எத்தனை பேர்? அதிலுள்ள ஃபோலிக் அமிலத்துக்குப் பின்னே ஒரு மனிதரின் துயரம் இருக்கிறது.

எல்லாப்பிரகடா சுப்பாராவ் 1895-இல் ஆந்திரத்துப் பீமவரத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியிலும் மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். காந்தியடிகளின் சொற்கேட்டுக் கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவரின் மனக்கசப்புக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் எல்.எம்.எஸ். மட்டுமே பெற்றார். இவ்வளவும் பொறுக்கலாம், அவருடைய சகோதரர் இருவரை ஸ்ப்ரூ என்னும் குடல்நோய் அடுத்தடுத்துக் கொண்டுபோயிற்று.

மனைவி சேஷகிரியைப் பிரிந்து அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குக் கப்பலேறினார். அங்கே மருத்துவமனையில் எடுபிடி வேலை செய்து வயிறு வளர்த்தார். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து, உடல் திரவங்களில் பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-இல் வெளியிட்டார். நீல நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பரஸ். இந்த எளிய அளவைதான் 1929-இல் தசையிலிருந்த ஏ.டி.பி.யைக் காட்டிக்கொடுத்தது. அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமனும் அதைக் கண்டறிந்தார்.

ஏ.டி.பி. உயிரணுவின் எரிபொருள் என்று பாடத்தில் படிக்கிறோம். அதற்கு இன்னொரு பணியும் உண்டு. பல ஹார்மோன்கள் உயிரணுவுக்குள் நுழைவதே இல்லை. நம் திண்டுக்கல் பூட்டில் சாவி பொருந்துவதுபோல் மேற்புறப் புரதத்தில் பொருந்தி வெளியிலேயே நின்றுவிடுகின்றன. செய்தி எப்படி உள்ளே போகிறது? ஒரு புரதம் ஏ.டி.பி.யிடமிருந்து பாஸ்பேட்டை எடுத்து அடுத்ததில் ஒட்டுகிறது. அது விழித்துக்கொண்டு மற்றொன்றில் ஒட்டுகிறது. முடிவில் உட்கருவிலுள்ள புரதம் ஒன்று விழித்து, உறங்கும் மரபணுவை எழுப்புகிறது. கண்ணிலும் ஈரலிலும் மரபணுக்கள் ஒன்றேதான். எது எங்கே விழித்திருக்கிறது என்பதே வேறு. புரதத்தில் பாஸ்பேட் ஒட்டுவதன் மகிமையை 1950-களில் கண்ட ஃபிஷருக்கும் கிரெப்ஸுக்கும் 1992-இல் நோபல் பரிசு கிடைத்தது. சுப்பாராவ் அதை அறிய இருக்கவில்லை.

ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிட்டாமல் 1940-இல் லெடர்லி ஆய்வுக்கூடம் சென்றார். அங்கே அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. ஸ்ப்ரூ நோயாளிகள் அதனால் தேறினர். சகோதரர்களுக்குத்தான் காலம் கடந்துவிட்டது. ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரினையும் அக்குழுவே அளித்தது. 1947-இல் டாக்டர் ஃபார்பர் அதை இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுக்க, சிலருக்குச் சில மாதங்களேனும் நோய் தணிந்தது. யானைக்கால் நோய்க்கு நம் நாட்டில் வழங்கும் டி.இ.சி. மாத்திரையும் அந்த ஆய்வுக்கூடத்தில் பிறந்ததே.

1948 ஆகஸ்டில், 53 வயதில், உறக்கத்திலேயே உயிர் நீத்தார். கப்பலேறிய நாளுக்குப் பின் சேஷகிரி அவரைப் பார்க்கவேயில்லை.