தொண்டில் கண்ட நிறைவு

பசிபிக் பெருங்கடலின் நடுவே அமைந்த ஹவாய்த் தீவுகளுள் ஒன்று மொலோகாய். அதன் வடகரையில் கலாவுபாபா என்னும் நிலமுனை கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. அதன் மூன்று புறமும் கொந்தளிக்கும் கடல். நான்காம் புறம் ஏறத்தாழ 2000 அடி உயரச் செங்குத்துப் பாறைச்சுவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நோயின் பெயரால் அங்கு அனுப்பப்பட்டவர்களுள் பெரும்பாலோர் மீண்டும் தம் ஊரைக் கண்டதில்லை. அந்நிலத்துக்குத் தாமே விரும்பிச் சென்று, பதினாறு ஆண்டுகள் வாழ்ந்து, அங்கேயே உயிர் துறந்தவர் தமியான் அடிகளார். பிறர் எண்ணவும் அஞ்சிய அவ்விடத்திலிருந்து, தாம் மனநிறைவோடு வாழ்வதாக உற்றார்க்கு மடல் எழுதினார். அந்நிறைவின் ஊற்று எது என்பதை அவர்தம் வாழ்க்கையே விளக்குகிறது.

இளமையும் அழைப்பும்

பெல்ஜியம் நாட்டின் திரெமெலோ என்னும் சிற்றூரில் 1840ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள், உழவும் தானிய வணிகமும் செய்துவந்த குடும்பத்தில் ஏழாவது குழந்தையாகப் பிறந்தார். யோசேப்பு தெ வூஸ்டர் என்பது அவர் இயற்பெயர். பதின்மூன்றாம் வயதில் பள்ளியைவிட்டு வயலில் இறங்கி உழைக்கத் தொடங்கினார். மகன் வணிகத்தில் துணைநிற்பான் எனத் தந்தை எதிர்பார்த்தார். மகனின் உள்ளமோ துறவை நாடியது. 1859ஆம் ஆண்டு, தம் தமையன் ஏற்கெனவே சேர்ந்திருந்த இயேசு மரி திருஇருதயத் துறவற சபையில் தாமும் சேர்ந்தார். நோயாளர்க்குக் கூலி பெறாது மருத்துவம் செய்தவர் எனக் கிறித்தவர் போற்றும் பழங்காலப் புனிதர் ஒருவரின் பெயரான தமியான் என்பதைத் துறவுப்பெயராக ஏற்றார்.

குருவாவதற்குரிய கல்வி அவரிடம் இல்லை என்று சபையின் மூத்தோர் முதலில் கருதினர். அவரோ தமையனின் துணையோடு இலத்தீன் மொழியைக் கற்று அக்கருத்தை மாற்றினார். 1863ஆம் ஆண்டு, ஹவாய் செல்லவிருந்த தமையன் டைபஸ் என்னும் கொடிய காய்ச்சலால் படுக்கையில் வீழ்ந்தார். அவர்க்கு மாற்றாகத் தம்மை அனுப்புமாறு, இன்னும் குருப்பட்டம் பெறாத தமியான், பாரிசிலிருந்த சபைத் தலைவர்க்கே நேரடியாக எழுதி இசைவு பெற்றார். ஏறத்தாழ ஐந்து மாதக் கடற்பயணத்திற்குப் பின் 1864ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் நாள் ஹொனலுலுவில் இறங்கினார். மே மாதம் அங்கேயே குருவானார். அடுத்த ஒன்பது ஆண்டுகள் ஹவாய்ப் பெருந்தீவில் குதிரையிலும் ஓடத்திலும் ஊர்ஊராகச் சென்று பணியாற்றினார். அம்மக்களின் மொழியைப் பேசினார். தம் கையாலேயே மரம் இழைத்துச் சிற்றாலயங்கள் எழுப்பினார்.

ஒதுக்கப்பட்டோர் நிலம்

அயல்நாட்டவர் வருகையோடு ஹவாய் மக்களிடையே புதிய நோய்கள் பரவின. அவற்றுள் தொழுநோயும் ஒன்று. மருந்து காணப்படாத அக்காலத்தில், நோயாளரைப் பிரித்து வைப்பதே வழி எனக் கருதிய அரசு, 1865ஆம் ஆண்டு அதற்கெனச் சட்டம் இயற்றியது. 1866ஆம் ஆண்டு ஜனவரியில் முதல் நோயாளர்கள் மொலோகாயின் கலாவாவோ கரையில் இறக்கப்பட்டனர். கணவன் மனைவியையும், தாய் குழந்தையையும் பிரிந்தனர். சிலர் மட்டுமே பிரிய மனமின்றித் தம்மவரோடு உடன்சென்றனர். நோயாளர்கள் நிலத்தை உழுது தாமே உணவு தேடிக்கொள்வர் என அரசு எண்ணியது. விரல்களை இழந்த கைகளால் அது கூடவில்லை. நல்ல நீரும் தக்க உறைவிடமும் போதிய மருத்துவமும் இன்றி அவர்கள் வாடினர்.

அங்குச் சென்று பணிபுரிய யாரையும் கட்டாயப்படுத்த ஆயர் மைக்ரே விரும்பவில்லை. நான்கு குருக்கள் முறைவைத்துச் சென்றுவர முன்வந்தனர். அவர்களுள் முதலாமவராக, 1873ஆம் ஆண்டு மே 10ஆம் நாள், தமியான் கலாவாவோ வந்தடைந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று. தங்க வீடில்லாமையால் ஆலயத்தின் அருகிலிருந்த தாழை மரத்தின் கீழ்த் தொடக்க நாள்களில் உறங்கினார். சிறிது காலம் தங்கித் திரும்ப வேண்டியவர், அங்கேயே நிலையாகத் தங்கிவிடத் தமக்கு இசைவு தருமாறு விரைவில் எழுதிக் கேட்டார்.

அதே 1873ஆம் ஆண்டில்தான், நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் தொழுநோய்க்குக் காரணமான நுண்ணுயிரியைக் கண்டறிந்தார். ஆனால், நோயைத் தீர்க்கும் மருந்து கிடைக்க மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. மருந்து தர இயலாத அந்த இடைவெளியில், மனிதர் மனிதர்க்குத் தரக்கூடியது என்ன என்னும் வினாவுக்கே தமியானின் வாழ்வு விடையாயிற்று.

கைகளின் வழிபாடு

அவர் புண்களைக் கழுவிக் கட்டினார். தொலைவிலிருந்து நல்ல நீரைக் கொணரக் குழாய்கள் பதிக்கச் செய்தார். மரப்பலகைகளைக் கேட்டுப் பெற்று வீடுகள் எழுப்பினார். பெற்றோரை இழந்த சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் தனித்தனி இல்லங்கள் அமைத்தார். உடல்நலம் எஞ்சியிருந்த நோயாளர்கள் அவருடன் தோள்கொடுத்து உழைத்தனர். பாடற்குழுவும் இசைக்குழுவும் அங்கே உருவாயின. இறந்தோர்க்குச் சவப்பெட்டி செய்வதும் குழி தோண்டுவதும்கூட அவர் பணியாயின. துணி சுற்றி எறியப்படுவதே தம் முடிவு என அஞ்சியிருந்தோர்க்கு, மதிப்புடன் அடக்கம் செய்யப்படுவோம் என்னும் உறுதியே பேராறுதலாக விளங்கியது.

நோயாளரைத் தொடாமல் விலகி நிற்குமாறு அவர் தொடக்கத்தில் அறிவுறுத்தப்பட்டிருந்தார். ஆயினும், சேப்பங்கிழங்கு மாவில் செய்த அவர்களின் உணவை அவர்தம் கலத்திலிருந்தே உண்டார். தம் வீட்டுக் கதவை அவர்களுக்குத் திறந்தே வைத்தார். தமிழைப் போலவே ஹவாய் மொழியிலும், கேட்போரை உளப்படுத்தும் ‘நாம்’ என்பதற்கும், அவரை விலக்கும் ‘நாங்கள்’ என்பதற்கும் வெவ்வேறு சொற்கள் உள்ளன. தமியான் தம் மறையுரைகளில், தமக்கு நோய் வருவதற்கு நெடுங்காலம் முன்னரே, தொழுநோயாளர்களையும் தம்மையும் ஒன்றாகச் சேர்த்தே பேசினார். சொல்லால் அவர் ஏற்றுக்கொண்ட அவ்வுறவு, பின்னர் அவர் உடலிலும் உண்மையாயிற்று.

தனிமையும் நம்பிக்கையும்

தமியான் துன்பமறியாத் துறவி அல்லர். விரைந்து சினங்கொள்ளும் இயல்பும் பிடிவாதமும் அவரிடம் இருந்தன. வேண்டியவற்றை ஓயாது கேட்டு அதிகாரிகளையும் சபைத் தலைவர்களையும் சலிப்படையச் செய்தார். அவருடைய புகழ் உலகெங்கும் பரவியபோது, அவர் தற்பெருமையை நாடுகிறார் என்று சிலர் ஐயுற்றதும் அவரை வருத்தியது. எல்லாவற்றினும் மேலாக அவரை வாட்டியது, உடன்உறையும் குரு ஒருவர் இல்லாத தனிமை. ஒருமுறை அவரைக் காணக் கப்பலில் வந்த சபைத் தலைவர் கரையிறங்கத் தடை விதிக்கப்பட்டது. தமியான் சிறு ஓடத்தில் கப்பலருகே சென்று, மேல்தளத்தில் நின்ற அவரை நோக்கிப் பலர் கேட்கும்படி தம் குற்றங்களை உரக்க அறிக்கையிட்டு மன்னிப்புப் பெற்றார்.

இத்தனிமையில் அவரைத் தாங்கியது இறைநம்பிக்கை. ஆலயத்தில் நற்கருணையின் முன் நாள்தோறும் அமர்ந்து வேண்டினார். அத்துணை இல்லையெனில் தம்மால் அங்கு நிலைத்திருக்க இயலாது என்பதை அவர்தம் மடல்கள் புலப்படுத்துகின்றன. கிறிஸ்துவை ஆலயத்தில் வணங்கிய அவர், வெளியே நோயாளரின் வடிவிலும் அவரையே கண்டார். ஆகவே, வழிபாடும் தொண்டும் அவர்க்கு இரு வேறு கடமைகளாக இல்லை.

நோயிலும் நிறைவு

1884ஆம் ஆண்டின் இறுதியில் ஒருநாள், களைத்த கால்களைக் கொதிக்கும் நீரில் வைத்தபோது தோல் வெந்தும் அவர் சூட்டை உணரவில்லை. அடுத்த ஆண்டு, தொழுநோய் என்று மருத்துவர் உறுதி செய்தார். அதன்பின் ஓய்வு கொள்வதற்கு மாறாக, எஞ்சிய காலம் குறுகியது என்றறிந்து வீடுகளையும் ஆலயத்தையும் விரைந்து கட்டி முடிப்பதில் முனைந்தார். மனச்சோர்வு சூழ்ந்த நாள்களும் அவர்க்கு இருந்தன. எனினும், இடம் மாற்றத்தை அவர் விரும்பவில்லை. உலகிலுள்ள மறைப்பணியாளர்களுள் தாமே மிக்க மகிழ்ச்சியுடையவர் என்று தமையனுக்கு எழுதினார்.

நெடுநாள் வேண்டிய துணையும் அவர்க்குக் கிட்டியது. 1886ஆம் ஆண்டு, அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றிய ஜோசப் டட்டன் வந்து சேர்ந்தார். 1888ஆம் ஆண்டு மரியான் கோப் அன்னையார் இரு அருள்சகோதரியரோடு வந்தார். தொடங்கிய பணி தம்மோடு முடியாது என்னும் அமைதியுடன், 1889ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள், நாற்பத்தொன்பதாம் வயதில் தமியான் இறைவனடி சேர்ந்தார். முதல் நாள்களில் தமக்கு நிழல் தந்த தாழை மரத்தின் அடியிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அழியாப் புகழ்

அவர் மறைந்தபின், அவரை இழித்துரைத்து எழுதப்பட்ட மடல் ஒன்று வெளியாயிற்று. மொலோகாய்க்கு நேரில் சென்று வந்திருந்த எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், 1890ஆம் ஆண்டு அதற்கு வெளிப்படையான மறுப்பு எழுதினார். தமியானின் குறைகளை மறைக்காமலேயே அவர்தம் பெருமையை நிலைநாட்டியது அம்மறுப்பு. 1936ஆம் ஆண்டு அவர் உடல் பெல்ஜியத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது. 1995ஆம் ஆண்டு, அவருடைய வலக்கை மட்டும் மொலோகாய்க்கு மீண்டு வந்து பழைய கல்லறையில் வைக்கப்பட்டது. புண் கழுவிய கை, தான் உழைத்த மண்ணிலேயே இன்றும் துயில்கிறது. 2009ஆம் ஆண்டு கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

இன்று தொழுநோய் கூட்டு மருந்துகளால் முற்றிலும் குணமாகிறது. ஹவாயின் ஒதுக்கல் முறையும் 1969ஆம் ஆண்டு முடிவுக்கு வந்தது. ஆயினும், நோயாலோ வறுமையாலோ பிறப்பாலோ மனிதரை விலக்கி நிற்கும் மனப்பான்மை உலகைவிட்டு இன்னும் நீங்கவில்லை. விலக்கப்பட்டவரை உளப்படுத்தி ‘நாம்’ என்று கூற யாரேனும் முன்வரும் இடமெல்லாம் தமியான் தொடங்கிய பணி தொடர்கிறது. தமக்கென எதையும் வைத்துக்கொள்ளாத அவர் உள்ளத்தில் நிறைவு குடிகொண்டிருந்ததற்கு, அந்த ஒரு சொல்லை அவர் வாழ்ந்து காட்டியதே காரணம்.