நிழலோடு ஓர் உடன்பாடு: கார்ல் குஸ்தாவ் யுங்

தன்னை அறிதல் வேண்டும் என்பது எந்நாட்டுச் சிந்தனையாளரும் வலியுறுத்தி வந்த அறமாகும். ஆயினும் அறிந்துகொண்ட தன்னை வைத்துக்கொண்டு என் செய்வது என்னும் வினாவிற்கு விடை காண்பது அத்துணை எளிதன்று. தன் குறையை உணர்ந்தவன் முதலில் அதனை மறைக்க முற்படுகிறான். மறைக்க இயலாதபோது தன்னையே வெறுக்கத் தொடங்குகிறான். மறைக்காமலும் வெறுக்காமலும் தன்னை ஏற்றுக்கொண்டு வளரும் வழி ஒன்று உண்டு என்று காட்டியவர், தம் வாழ்க்கையையே அவ்வாய்விற்குக் களமாக்கிக்கொண்ட சுவிட்சர்லாந்து நாட்டு மனநல மருத்துவர் கார்ல் குஸ்தாவ் யுங் ஆவார்.

கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் உள்ள கெஸ்வில் என்னும் சிற்றூரில் 1875ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் பால் யுங் சீர்திருத்தத் திருச்சபையின் போதகர். நாள்தோறும் பிறர்க்கு இறைநம்பிக்கையைப் போதித்த அவர் உள்ளூர ஐயத்தால் வாடியதை மகன் சிறு வயதிலேயே கண்டுகொண்டான். தங்கை பிறக்கும்வரை ஒன்பது ஆண்டுகள் தனிப்பிள்ளையாய் வளர்ந்த அச்சிறுவன், மரத்தில் சிறு மனித உருவம் ஒன்றைச் செதுக்கிப் பென்சில் பெட்டியில் இட்டுப் பரணில் ஒளித்து வைத்தான். மனம் கலங்கும்போதெல்லாம் யாரும் அறியாத அவ்வுருவத்தை எண்ணி ஆறுதல் பெற்றான். வெளியே பள்ளிச் சிறுவன் ஒருவன், உள்ளே யாரோ பழைய மனிதர் ஒருவர் எனத் தன்னுள் இருவர் வாழ்வதாக அவன் உணர்ந்ததும் அப்பருவத்திலேதான்.

பன்னிரண்டு வயதில் நிகழ்ந்த ஒன்று அவர் வாழ்வின் முதற் பாடமாயிற்று. பாசெல் நகரில் பயின்றுகொண்டிருந்தபோது உடன் பயிலும் மாணவன் ஒருவன் தள்ளிவிட, கீழே விழுந்து கல்லில் தலை மோதியது. விழுந்த கணத்திலேயே, இனிப் பள்ளிக்குப் போக வேண்டியதில்லை என்ற எண்ணம் அவன் உள்ளத்தில் மின்னி மறைந்தது. அதன்பின் பாட நூலைத் தொட்டாலே மயக்கம் வந்தது. ஆறு திங்களுக்கு மேல் பள்ளி செல்லவில்லை. வலிப்பு நோயோ என மருத்துவர் ஒருவர் ஐயுற்றார். தந்தையார் நண்பர் ஒருவரிடம், கையில் இருந்த சிறு பொருளும் செலவழிந்துவிட்டதையும் பிழைக்க வழியின்றி மகன் என்ன ஆவானோ என்ற அச்சத்தையும் கூறிக்கொண்டிருந்ததை ஒருநாள் அவன் மறைந்திருந்து கேட்க நேர்ந்தது. உடனே இலத்தீன் இலக்கண நூலை எடுத்து அமர்ந்தான். மீண்டும் மீண்டும் மயக்கம் வந்தபோதும் எழுந்து படித்தான். சில வாரங்களில் பள்ளிக்குத் திரும்பினான். மயக்கம் பொய்யன்று, ஆயின் அதனை விரும்பி வளர்த்தது தன் மனமே என்னும் உண்மை அவனுக்கு வெட்கத்தைத் தந்தது. அவ்வெட்கத்தைத் தாங்கிக்கொண்டதே அவனைக் குணப்படுத்தியது எனலாம்.

1895இல் பாசெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சேர்ந்த யுங் மறு ஆண்டே தந்தையை இழந்தார். வறுமைக்கிடையே கல்வியை முடித்து, 1900ஆம் ஆண்டு டிசம்பரில் சூரிச் நகரின் புர்க்ஹோல்ஸ்லி மனநல மருத்துவமனையில் ஆய்கன் பிளாய்லரிடம் உதவி மருத்துவரானார். ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி, மறுமொழி வர ஆகும் நேரத்தைக் கணக்கிடும் சோதனையை அங்கே விரிவாக நடத்தினார். சில சொற்களில் மட்டும் மறுமொழி தயங்கியது. தயக்கம் நேர்ந்த இடத்திலெல்லாம், அம்மனிதரே அறியாத உணர்ச்சி முடிச்சு ஒன்று உள்ளே இருப்பதைக் கண்டார். மனச்சிக்கல் என்னும் கருத்து அவரால் நிலைபெற்றது. 1903இல் எம்மா ரவுஷன்பாக் என்பாரை மணந்தார், மக்கள் ஐவர்.

1907ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வியன்னா சென்று சிக்மண்ட் பிராய்டைச் சந்தித்தார். தந்தையும் மகனும் போன்ற நட்பாக வளர்ந்த அவ்வுறவு, 1912இல் யுங் வெளியிட்ட நூலால் முறிவுக்கு வந்தது. பாலுணர்வையே அடிப்படையாகக் கொண்ட பிராய்டின் விளக்கத்தை முழுமையாக ஏற்க அவரால் இயலவில்லை. 1913இல் நட்பு முற்றிலும் அறுந்தது; அடுத்த ஆண்டு உளப்பகுப்பாய்வுச் சங்கத் தலைமையையும் பல்கலைக்கழக விரிவுரைப் பணியையும் துறந்தார்.

முப்பத்தெட்டு வயதில் தனித்து நின்ற அவரை உள்ளிருந்து எழுந்த காட்சிகள் அலைக்கழித்தன. பெருவெள்ளம் ஐரோப்பாவை மூடிப் பின் குருதியாக மாறுவதைக் கண்டார். மனநோயாளரிடம் தாம் கண்ட குறிகள் தம்மிடமே தோன்றியது கண்டு அஞ்சினார். அவற்றை அடக்கவோ அவற்றில் மூழ்கவோ முனையாமல், எதிர்கொண்டு உரையாடி எழுதி வைத்தார். ஏரிக்கரையில் கற்களை அடுக்கிச் சிறுபிள்ளைபோல் வீடுகள் கட்டி விளையாடினார். அறிஞர் ஒருவருக்கு இது நாணத்தக்க செயலாகவே தோன்றியிருக்கும். எனினும் தம்முள் இருந்த சிறுவனுக்கு இடம் கொடுத்தார். நோயாளரைக் காணும் கடமையும் குடும்பப் பொறுப்புமே அவரைத் தரையில் நிறுத்தின. அக்காலப் பதிவுகளை எழுத்தும் ஓவியமுமாகத் தீட்டிய சிவப்பு நூல், அவர் மறைந்து 48 ஆண்டுகள் கழித்து 2009இல்தான் அச்சேறியது.

அவ்விருளிலிருந்து அவர் கொணர்ந்தவையே பிற்காலக் கொள்கைகள். உலகிற்காக நாம் அணிவது முகமூடி. அதற்குப் பொருந்தாதென நாம் ஒதுக்கியவை சேர்ந்து நிழலாகின்றன. ஒதுக்கப்பட்ட நிழல் அழிவதில்லை. பிறர்மேல் படிந்து, நம் குறையை அவர்களிடம் கண்டு வெறுக்கச் செய்கிறது. நிழலைத் தனதென ஒப்புக்கொள்வதே வளர்ச்சியின் வாயில். ஒப்புக்கொள்வது வேறு, அதன் விருப்பப்படி நடப்பது வேறு என்பதும் அவர் கருத்தாகும். தமிழ்த் திறனாய்வில் தொல்படிமம் என வழங்கும் கருத்தும் அவர் வகுத்ததே.

எனினும் நிழலைப் பற்றி உலகிற்கு எடுத்துரைத்தவர் தம் நிழலை முழுதும் வென்றார் என்பதற்கில்லை. 1933இல் செருமனியை மையமாகக் கொண்ட உளமருத்துவச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். யூத மருத்துவர்கள் உறுப்பினராகத் தொடர வழி செய்தாராயினும், யூத உள்ளத்தையும் ஆரிய உள்ளத்தையும் வேறுபடுத்தி 1934இல் எழுதியது அவர்மேல் நீங்காப் பழியாயிற்று. தம்மிடம் முன்பு சிகிச்சை பெற்ற டோனி வுல்ஃபுடன் கொண்ட நெடுங்கால உறவின் சுமையை எம்மாவே பெரிதும் தாங்கினார். தன்னேற்பு ஒருநாளில் முடியும் வேலையன்று என்பதற்கு அவர் வாழ்வே சான்றாகிறது.

1937ஆம் ஆண்டு இறுதியில் இந்தியா வந்த யுங், கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பால் மருத்துவமனையில் கிடந்தார். துறவியரைத் தேடிச் செல்வதைத் தவிர்த்தார்; திருவண்ணாமலை சென்று இரமணரைக் காணவும் இல்லை. பிறர் அடைந்த ஞானத்தை இரவல் பெறாமல், தம் மண்ணிலும் மரபிலும் நின்றே உண்மையைத் தேட வேண்டும் என்பது அவர் எண்ணம். ஆயினும் இரமணர் குறித்து ஹைன்ரிக் சிம்மர் எழுதிய நூல் 1944இல் வெளிவந்தபோது அதற்கு முன்னுரை எழுதினார்.

1923 முதல் பொலிங்கன் ஏரிக்கரையில் தம் கையாலும் உழைத்துக் கல்வீடு ஒன்றைப் படிப்படியாகக் கட்டிவந்தார். மின்விளக்கில்லை, விறகு பிளந்து அடுப்பெரித்தார். 1955இல் எம்மா மறைந்தபின், அவ்வீட்டின் இரு கோபுரங்களுக்கிடையே தாழ்ந்து பதுங்கிக் கிடந்த நடுப்பகுதி தம்மையே குறிப்பதாக அவருக்குப் புலப்பட்டது. இனி மறைந்து நிற்க வேண்டியதில்லை எனத் தேர்ந்து, 1956இல் அதன்மேல் ஒரு மாடம் எழுப்பினார். அப்போது அவருக்கு எண்பது வயது கடந்திருந்தது. 1961ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் குஸ்நாக்டில் உள்ள தம் இல்லத்தில் காலமானார்.

பாட நூலின்முன் மயங்கி விழுந்த சிறுவனும் முதுமையில் மாடம் எழுப்பிய பெரியவரும் செய்தது ஒரே செயல்தான்: தம்முள் ஒளிந்திருந்ததைக் கண்டு, அதனைத் தமதென ஏற்று, அதன்மேல் எழுந்து நின்றனர். குறையற்றவராதல் எவர்க்கும் அரிது. குறையோடும் முழுமையை நோக்கி நடத்தல் எவர்க்கும் இயல்வது. யுங்கின் வாழ்வு விட்டுச்சென்ற செல்வம் அதுவேயாகும்.