ஹென்றி மோஸ்லி

இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள வேமத் நகரில் 1887ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 23ஆம் நாள் ஹென்றி மோஸ்லி பிறந்தார். தந்தையார் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலைப் பேராசிரியர். சாலெஞ்சர் என்னுங் கப்பலேறி உலகக் கடல்களை ஆராய்ந்து மீண்டவர். மைந்தனுக்கு நான்கு வயது நிரம்புமுன்னரே அவர் காலமானார். மோஸ்லி ஈட்டன் பள்ளியிலும் ஆக்ஸ்போர்டிலும் கற்று, 1910இல் மான்செஸ்டர் நகரையடைந்து, ரதர்போர்டின்கீழ்ப் பணியிலமர்ந்தார்.

அக்காலத்தே ரசாயன நூலார் மூலகங்களை அணு நிறையின் வரிசைப்படியே நிறுத்தி வந்தனர். வரிசையோ சிலவிடங்களிற் பிறழ்ந்தது. கோபால்ட்டினும் நிக்கல் நிறையிற் சிறிது குறைந்தது. ஆயினும் குணத்தை நோக்கின் கோபால்ட்டே முன்னிற்றற்குரியது. நிறையை நம்புவதோ, குணத்தை நம்புவதோ? மூலகத்தின் இட எண்ணே அதன் அணுக்கருவிலுள்ள மின்னேற்றத்தின் அளவாகலாமெனக் கூறியவர், வான் டென் புரூக் என்னும் டச்சு நாட்டு வழக்கறிஞர். வழக்கறிஞரின் ஊகத்தை மெய்ப்பிக்கச் சான்று வேண்டுமன்றோ? அச்சான்றை மோஸ்லி தேடினார்.

எலெக்ட்ரான்கள் கருவைச் சுற்றிக் கோட்டை மதில்கள் போல அடுக்கடுக்காய் அமைந்துள்ளன. உள்ளடுக்கில் 2, அடுத்ததில் 8, அப்பால் 18, 32 என்பன அவ்வடுக்குகள் கொள்ளும் பேரளவு. ரசாயன குணத்தைத் தருவன புறத்தே நிற்பவை. கருவின் வலிமையை நன்குணர்வன அகத்தே நிற்பவை. விரைந்து வரும் எலெக்ட்ரான் ஒன்று உள்ளடுக்கிலிருந்து ஒன்றைத் தள்ளிவிடின், வெளியடுக்கிலிருந்து மற்றொன்று அவ்விடத்தில் வீழும். அப்போது எக்ஸ் கதிர் எழும். கருவின் மின்னேற்றம் மிகுந்தோறும் அக்கதிரின் அதிர்வெண்ணும் மிகும்.

மோஸ்லி காற்றகற்றிய குழாயினுள்ளே சிறு தண்டவாளமிட்டு, உலோகத் துண்டுகளை ஒரு வண்டியில் வரிசையாய் வைத்து, பட்டுத் தூண்டிற் கயிற்றால் இழுத்து, ஒவ்வொன்றின் கதிரையும் அளந்தார். அதிர்வெண்ணின் வர்க்கமூலம் மூலகந்தோறும் ஒரே படியாக ஏறிச் சென்றது! கோபால்ட்டு 27, நிக்கல் 28 என முடிவாயிற்று. 1914இல் அலுமினியம் முதல் பொன் ஈறாக வரிசை வகுத்து, 43, 61, 75 ஆகிய இடங்கள் வெறுமையாயுள்ளன என்று அறிவித்தார். அப்பொழுது அவருக்கு வயது 26.

அவ்வாண்டிலே பெரும்போர் மூண்டது. விஞ்ஞானக் கூட்டமொன்றின் பொருட்டு ஆஸ்திரேலியா சென்றிருந்த மோஸ்லி தாயகம் திரும்பிப் படையிற் சேர்ந்தார். ஆய்வுச் சாலையிலிருந்து செய்தற்குரிய பணி அவருக்கு மிகுதியாயிருந்தது. அவரை அங்கே நிறுத்திவைக்கும் ஏற்பாடு அந்நாட்டு அரசினரிடம் அன்று இல்லாமற்போனது பெருங்குறையே. 1915ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள், கலிப்போலியில், தலையிற் குண்டு பாய்ந்து மாண்டார். வயது 27. தம் உடைமையை ஆராய்ச்சியின் பொருட்டு ராயல் சொஸைட்டிக்கு அவர் உயிலெழுதி வைத்திருந்தார்.

72ஆம் மூலகம் பற்றிய வழக்கு பின்னரே தீர்ந்தது. 71ஆம் மூலகத்தோடு நான்காம் அடுக்கு 32 எலெக்ட்ரான்களும் பெற்று நிறைந்துவிடுமாதலின், 72 அருமண் இனத்ததாகாது, சிர்க்கோனியத்தின் இனத்ததே என்பது போரின் கொள்கை. 1923இல் காஸ்டரும் ஹெவெசியும் கோபன்ஹேகனில் சிர்க்கோனியத் தாதுக்களிடையே அதைக் கண்டு ஹாப்னியமெனப் பெயரிட்டனர். கண்டது மோஸ்லியின் எக்ஸ் கதிர் முறையால். 75 1925இலும், 43 1937இலும் அகப்பட்டன. 61 கிடைத்தது 1945இல், பிளவுண்ட யுரேனியத்தின் எச்சங்களிடையே.