ஐடா ஸ்கடர் அம்மையாரும் குடியாத்தம் சாலையும்

வடசென்னையில் வாழும் நமக்கு இராயபுரம் புகைவண்டி நிலையம் பழம்பெருமை வாய்ந்த ஓர் அடையாளம். தென்னாட்டின் முதற் புகைவண்டி 1856-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1-ஆம் நாள் அங்கிருந்தே புறப்பட்டு, மேற்கே வாலாஜா ரோடு வரை சென்றது. அவ்விருப்புப் பாதை அந்நாளிற் சென்று முடிந்த இடத்திற்கு அணித்தாக, பாலாற்றங்கரையில் அமைந்தது இராணிப்பேட்டை. அவ்வூரில் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 9-ஆம் நாள் ஒரு பெண்மகவு பிறந்தது. அம்மகவே பின்னாளில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார். அவர் பெயரைக் கேட்டவுடன் வேலூரின் பெரிய கட்டடங்களே பலர்க்கும் நினைவிற்கு வரும். அவற்றின் வரலாற்றைப் பலரும் எழுதியுள்ளனர். யான் ஈண்டு உரைக்கப் புகுவது, அக்கட்டடங்கள் எழுமுன் அவ்வம்மையார் வாரந்தோறும் சென்றுவந்த ஒரு சாலையைப் பற்றியும், அச்சாலையோரத்து மரநிழலில் அவர்க்காகக் காத்திருந்த தாய்மாரையும் குழவிகளையும் பற்றியுமே யாகும்.

ஸ்கடர் குடும்பத்தின் வரலாறு தமிழ்நாட்டில் ஆங்கில மருத்துவம் பரவிய வரலாற்றோடு பின்னிக் கிடப்பது. ஐடாவின் பாட்டனார் டாக்டர் ஜான் ஸ்கடர் நியூயார்க் நகரில் தொழில் நடத்தியவர். அதனைத் துறந்து 1819-ஆம் ஆண்டு கப்பலேறி, யாழ்ப்பாணம் போந்து பண்டத்தரிப்பில் பணி தொடங்கினார். 1836-இல் சென்னைக்கு வந்தார். அவர் மைந்தர் எழுவரும் தந்தை வழியே நின்றனர். அவர்களுள் ஒருவராகிய இரண்டாம் ஜான் ஸ்கடரும் மருத்துவரே. அவர் மகளே ஐடா. இத்தகைய குடும்பத்திற் பிறந்தவர் குடும்பத் தொழிலை உவந்து ஏற்றிருப்பார் என நாம் எண்ணுதல் இயல்பு. உண்மை வேறாக இருந்தது. ஐடாவுக்கு இந்நாட்டில் வாழவும் மனமில்லை. மருத்துவம் பயிலவும் மனமில்லை. இளமையில் அவர் கண்ட ஒரு காட்சி அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தை நம் பாட்டிமார் கதைகளில் கேட்டிருக்கிறோம். அந்நாளில் ஐடாவின் குடும்பம் வேலூரில் இருந்தது. ஆறு வயதுச் சிறுமி, பசியால் மெலிந்து வந்த குழந்தைகட்குத் தன் சிறு கையால் ரொட்டித் துண்டுகளை ஊட்டினாள். வாயிலிட்டதை விழுங்கவும் வலியற்ற குழந்தைகள் அவர்களுள் இருந்தனர். வழியோரத்தே உயிர்நீத்துக் கிடந்த குழந்தைகளையும் அவள் கண்டாள். பசியும் பிணியும் உடன்பிறந்தவை என்பதை நம் பகுதியார் நன்கறிவர். பஞ்சம் ஒன்றில் 1782-இல் ஏழைகட்குக் கஞ்சி வார்க்கத் தோன்றிய மணியக்காரர் சத்திரத்தை ஒட்டி வளர்ந்ததே இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. அதனைக் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றழைக்கும் முதியோர் இன்னும் நம் தெருக்களில் உளர். கஞ்சித் தொட்டியே மருத்துவமனைக்குத் தாய் ஆயிற்று என்பது சிந்திக்கத் தக்கது. ஆறு வயதுக் குழந்தைக்கு இதெல்லாம் விளங்குமா? விளங்கியது அச்சம் ஒன்றே. 1878-இல் குடும்பத்தார் அமெரிக்கா திரும்பியபோது, அவ்வச்சத்தையும் ஐடா உடன்கொண்டு சென்றார்.

பின்னர் அந்நாட்டில் நார்த்பீல்டு என்னுமிடத்திற் பயின்று, இனிய வாழ்வு ஒன்றை எதிர்நோக்கியிருந்த காலத்தில், தாயார் நோயுற்றார் என்ற செய்தி வந்தது. 1890-ஆம் ஆண்டில் ஐடா திண்டிவனம் வந்து சேர்ந்தார். சிறிது காலம் தங்கித் திரும்பிவிடுவதே அவர் எண்ணம். அங்கு ஓர் இரவில் நிகழ்ந்தது தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் பலரும் கேட்டறிந்த கதை. ஆதலின் சுருங்கக் கூறி அப்பாற் செல்வேன். பேறுகால வேதனையில் வருந்திய தம் இளம் மனைவியரைக் காக்குமாறு மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து ஐடாவை வேண்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவர் வேறு வகுப்பைச் சேர்ந்த இந்து. தமக்கு மருத்துவம் தெரியாது, தந்தையாரே மருத்துவர் என்று ஐடா சொல்ல, அயல் ஆடவரைத் தம் மனைவியர்பால் விடுவதற்கில்லை என்று மூவரும் திரும்பினர். பொழுது விடியுமுன் மூன்று பெண்களும் மாண்டனர்.

இக்கதையைச் சொல்வோர் பெரும்பாலும் பெண் மருத்துவர் இல்லாக் குறையை மட்டுமே எடுத்துக்காட்டுவர். அக்குறை உண்மையே. ஆயினும் பிறிதொன்றும் அதில் அடங்கியுளது. மருந்தும் மருத்துவரும் அவ்வூரிலேயே இருந்தனர். சில தெருக்களுக்கு அப்பால் நோயாளியும் இருந்தாள். இடையே நின்றது ஒரு வாயில். மருத்துவர் இருக்கும் வீட்டிற்கு நோயாளி வர இயலாத இடத்தில், எத்துணைச் சிறந்த மருத்துவமனையும் பாதிப் பயனே தரும். ஐடா அம்மையாரின் பிற்கால வாழ்வு முழுவதும் அவ்வாயிலைக் கடக்கும் முயற்சியாகவே எனக்குத் தோன்றுகின்றது.

அவர் மீண்டும் அமெரிக்கா சென்றார். பிலடெல்பியாவிலுள்ள மகளிர் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, பின்னர்க் கார்னெல் பல்கலைக் கழகத்திற்கு மாறி, 1899-இல் பட்டம் பெற்றார். ஷெல் என்னும் செல்வர் மறைந்த தம் மனைவியின் நினைவாகப் பதினாயிரம் டாலர் நல்கினார். 1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா வேலூர் வந்தடைந்தார்; உடனிருந்து தொழில் பழக்குவார் என நம்பியிருந்த தந்தையாரோ அவ்வாண்டிலேயே காலமானார். தனித்து நின்ற இளம் மருத்துவர், தம் இல்லத்தின் சிறு அறை ஒன்றில் பிணியாளரைப் பார்க்கத் தொடங்கினார். ஈராண்டிற்குள் ஏறத்தாழ 5000 பேர் அவரை நாடி வந்தனர் என்பர். 1902-இல் நாற்பது படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பெற்றது. இத்துடன் நின்றிருப்பினும் உலகம் அவரைப் போற்றியிருக்கும்.

ஆனால் வேலூர் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர் யாவர்? வண்டி கட்ட வசதியுள்ளோர். ஒருநாட் கூலியை இழக்கக் கூடியோர். வீட்டாரின் இசைவு பெற்ற பெண்கள். வாராதவர் எத்துணைப் பேர் என்பதை மருத்துவமனையின் பதிவேடு சொல்லாது. இந்தியாவில் 1911-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் பிறந்த 1000 குழந்தைகளுள் ஏறத்தாழ 200 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. ஐந்து தொட்டில்களுள் ஒன்று வெறுந்தொட்டில் ஆயிற்று என்க. அக்குழவிகளுட் பெரும்பாலானவை மருத்துவர் ஒருவரின் முகத்தையும் காணாமலே மறைந்தவை.

வேலூருக்கு மேற்கே குடியாத்தம் என்னும் ஊர் உளது. அங்கு வாரம் ஒருமுறை சென்று நோயாளிகளைப் பார்ப்பதை அம்மையார் வழக்கமாகக் கொண்டிருந்தார். 1909-ஆம் ஆண்டில் அவர்க்குப் பியூஜோ மோட்டார் வண்டி ஒன்று அன்பளிப்பாகக் கிடைத்தது. மோட்டார் வண்டியையே கண்டிராத சிற்றூர் மக்கள், மாடும் குதிரையுமின்றித் தானே முழங்கிக்கொண்டு ஓடிவரும் அதனைப் பேய் எனக் கருதி வயற்காட்டுக்குள் ஓடி ஒளிந்தனராம். சில வாரங்களில் அச்சம் தெளிந்தது. ஓடி ஒளிந்த மக்களே சாலையோரத்தில் வந்து நின்று, கைகாட்டி வண்டியை நிறுத்தலாயினர். இடுப்பிற் குழந்தையுடன் தாய் ஒருத்தி. கண்ணிற் புண்ணுடன் முதியவர் ஒருவர். கட்டிலிற் கிடத்திச் சுமந்து வரப்பெற்ற நோயாளி ஒருவர். அம்மையாரும் இறங்கி, அருகிருந்த மரத்தடியையே மருத்துவமனை ஆக்கினார். நாளடைவில் இன்னின்ன மரத்தடியில் இன்ன கிழமை வண்டி நிற்கும் என்பது ஊரெங்கும் தெரிந்த செய்தி ஆயிற்று. சாலையோர மருத்துவம் எனப் பின்னர்ப் பெயர் பெற்ற பெரும்பணி திட்டம் தீட்டித் தொடங்கியதன்று. கைகாட்டி நிறுத்திய மக்களே அதனைத் தொடங்கி வைத்தனர்.

அந்நாளில் அம்மரத்தடியில் ஒரு மருத்துவர் குழந்தைக்குச் செய்யக்கூடியது யாது? இற்றைநாள் மருந்துகளுட் பல அன்றில்லை. பென்சிலின் 1940-களில்தான் நோயாளிகட்குக் கிடைத்தது. கழிச்சலால் உடல்நீர் வற்றிய குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் அளவறிந்து கலந்த நீரையே ஊட்டிப் பிழைப்பிக்கலாம் என்பது 1968-ஆம் ஆண்டளவில் டாக்காவில் நடந்த ஆய்வுகளால்தான் தெளிவாக நிறுவப்பெற்றது. மலைக்காய்ச்சலுக்குக் கொய்னா, சொறிசிரங்கிற்குக் கந்தகக் களிம்பு, கண்ணோய்க்குக் கழுவுநீர், குடற்பூச்சிக்குப் பேதி மருந்து, சீழ்க்கட்டியைக் கீறச் சிறு கத்தி, அம்மை வாராதிருக்கக் குத்தும் பால் இவையே அக்கால மருத்துவரின் படைக்கலங்கள். ஈன்ற அன்றே தூய்மையற்ற கருவியால் தொப்புட்கொடி அறுக்கப்பெற்று, சின்னாட்களில் இசிவு கண்டு மடியும் சிசுவை மருந்தால் மீட்பது அரிது. பேறு பார்ப்பவளின் கையையும் கத்தியையும் முன்னரே தூயதாக்குதல் ஒன்றே வழி.

இவ்வளவு குறைந்த மருந்தைக் கொண்டு அச்சாலைப் பயணம் எங்ஙனம் பயன் தந்தது? கிழமை தவறாமையே அதன் உயிர் என்பேன். சென்ற வாரம் மருந்திட்ட புண் இவ்வாரம் ஆறிற்றா என்று பார்ப்பவர் ஒருவர் உளர் என்னும் நம்பிக்கையே தாய்மாரை மரத்தடிக்கு மீண்டும் மீண்டும் கொணர்ந்தது. நம் மணலி புதுநகரிலும் இதனைக் காண்கின்றோம். புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள் என்பதைப் படிப்பறியாத தாயும் அறிவாள். ஆலைகளும் எண்ணெய்க் கிடங்குகளும் சூழ்ந்த இப்பகுதியில், குழந்தையை இடுப்பிலும் ஊசி அட்டையைக் கையிலும் கொண்டு பெண்கள் செல்லுங்கால், ஊசியின் பெயரை அவர்களிடம் கேட்டால் தயங்குவர். கிழமையைக் கேட்டால் தயங்கார். ஒரு மருத்துவ ஏற்பாடு மக்களின் வாழ்விற் கலந்துவிட்டது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஒருவர் இரண்டு கைகளால் எத்தனை சாலைகளுக்குச் செல்ல இயலும்? இக்கேள்வியே அம்மையாரை ஆசிரியர் ஆக்கியது. 1909-இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். பெண்களுக்கு மருத்துவப் பள்ளி வேண்டும் என்று அவர் கேட்டபோது, அரசாங்க மருத்துவத் தலைவர் அதனை அத்துணைப் பொருட்படுத்தவில்லை; படிக்க வருவார் யார் என்பதே அவர் ஐயம். 1918-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 12-ஆம் நாள் பள்ளி திறக்கப்பெற்றது. எல்.எம்.பி. என வழங்கிய படிப்பு அது. முதலணியில் இறுதிவரை நின்று 1922-இல் தேறியவர் பதினால்வர். பெண்கள் தேறுவரோ என ஐயுற்றோர் தேர்வு முடிவுகளைக் கண்டு வாயடங்கினர். அப்பெண்களையும் அம்மையார் வகுப்பறையில் அடைத்து வைக்கவில்லை. தம்முடன் சாலைக்கு அழைத்துச் சென்று, மரத்தடியிலேயே பாடஞ் சொன்னார்.

பின்னர் வந்தது பெருஞ் சோதனை. 1938-ஆம் ஆண்டளவில் சென்னை அரசாங்கம் எல்.எம்.பி. படிப்பை ஒழித்து, மருத்துவம் பயில்வோர் அனைவரும் பல்கலைக் கழகப் பட்டமே பெறவேண்டும் என ஆணையிட்டது. பட்டப் படிப்புக்கு வேண்டிய பேராசிரியர், படுக்கைகள், ஆய்வுக்கூடங்கள் ஆகியவற்றை ஈட்டப் பெரும்பொருள் வேண்டும். பள்ளியை மூடிவிடுவதே முறை என்று கருதிய நண்பரும் இருந்தனர். எழுபது வயதை எட்டிய அம்மையார், போர்க்காலத்தில் 1941-இல் அமெரிக்கா சென்று ஊர் ஊராகப் பொருள் திரட்டினார். 1942-இல் பட்டப் படிப்புத் தொடங்கிற்று. ஆடவரையும் சேர்த்தாலன்றிக் கல்லூரி நிலைக்காது என்ற நிலை எழுந்தபோது, பெண்களுக்கென்றே தாம் எழுப்பிய நிலையத்தின் வாயிலை ஆடவர்க்கும் திறக்க அவர் இசைந்தார். நெடுநாள் துணைநின்ற அமெரிக்கப் பெண்மணி லூசி பீபாடி அதனை ஏற்கவில்லை. அப்பிரிவு அம்மையார்க்குப் பெருந்துயர் விளைத்திருக்கும். 1947-இல் ஆண் மாணவர் வந்து சேர்ந்தனர்.

அரசாங்கத்தின் ஆணை சரியா, தவறா? ஏழைக்கு ஒரு தரம், செல்வர்க்கு ஒரு தரம் என மருத்துவர் இருத்தல் ஆகாது என்னும் வாதத்தை மறுக்க இயலாது. எனினும், குறைந்த செலவில் பயின்று சிற்றூர்களிலும் சிறு மருத்துவமனைகளிலும் ஆயுள் முழுதும் உழைத்த எல்.எம்.பி. பெண்மணிகளின் இடம் பின்னர் எளிதில் நிரம்பவில்லை என்பதையும் மறைத்தல் கூடாது. படிப்பு உயர உயர, படித்தவர் பட்டணத்தை நாடுதல் உலகியல்பு. இதனை அறிந்தே போலும், வேலூர்க் கல்லூரியிற் சபைகளின் பரிந்துரையாற் சேர்வோர் படிப்பு முடிந்தபின் ஈராண்டு அச்சபைகளின் மருத்துவமனைகளிற் பணியாற்ற வேண்டும் என்னும் நியதி ஏற்பட்டது.

1946-இல் அம்மையார் ஓய்வு பெற்றார். பொறுப்பு சில காலத்தில் விசாகப்பட்டினத்திற் பிறந்த டாக்டர் ஹில்டா லாசரஸ் அம்மையாரிடம் வந்தது; அந்நிலையத்தைத் தலைமை தாங்கி நடத்திய முதல் இந்தியர் அவர். ஐடா அம்மையார் கொடைக்கானலில் தம் மலையில்லத்தில் தங்கி, மலர்ச்செடிகளைப் பேணியும் வந்தோரை ஓம்பியும் காலங்கழித்து, 1960-ஆம் ஆண்டு மே மாதத்தில் தம் எண்பத்தொன்பதாம் அகவையில் உயிர்நீத்தார்.

மரத்தடியில் தொடங்கிய பணி அவருடன் முடியவில்லை. வேலூரை அடுத்த பாகாயத்தில் சமுதாய நல மருத்துவப் பிரிவு ஒன்று கல்லூரியின் அங்கமாக நடைபெறுகின்றது. கே.வி. குப்பம் வட்டாரத்திற்கென மற்றொரு கிராம நல நிலையம் 1977-இல் தோன்றியது; குடியாத்தம் செல்லும் சாலையை ஒட்டிய பகுதியே அது. மருத்துவம் பயில வரும் மாணவர் முதலாண்டிலேயே சிற்றூர் ஒன்றிற் சின்னாள் தங்கி, வீடுவீடாகச் சென்று, அவ்வீட்டிற் குழந்தைகள் எத்தனை, பிறந்தவை எத்தனை, இருப்பவை எத்தனை என்று தாய்மாரைக் கேட்டு எழுதிக்கொள்கின்றனர்.